பதிவேட்டில் எழுதாத நாள்

கரமனை, திருவனந்தபுரம்
கொல்லம் 1109 ஆவணி 5 (21-8-1933)

போனக்காடு எஸ்டேட் பள்ளிக்கூடத்து ஆசிரியை ஸ்ரீமதி ஞானபாய் அவர்களுக்கு,

முன்பின் அறியாத ஒருத்தி எழுதுகிறாள் என்று ஒதுக்கிவிடாமல் படிக்கவேண்டும். நான் இங்கே ஒரு பெண் பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லிக்கொடுக்கிறேன். கணவர் காலமான பிறகு என் தகப்பனார் பட்டாபிராமய்யரோடு இருந்து வருகிறேன். வித்துராவில் காட்டிலாகா குமாஸ்தாவாக இருக்கும் என் ஒன்றுவிட்ட அத்தை பிள்ளை சேஷன் போன வாரம் வந்தபோது உங்களைப் பற்றிச் சொன்னான். உங்கள் தாத்தா வாலிபத்தில் அகஸ்தியர் மலை உச்சியில் ஒரு அய்யரோடு இருந்தவர் என்று நீங்கள் பேச்சுவாக்கில் சொன்னீர்களாமே. அந்த அய்யர் என் தாத்தா நாகேஸ்வரய்யராக இருக்குமோ என்று நினைக்கிறேன்.

விஷயம் இதுதான். எழுபத்தாறு வருஷத்துக்கு முன்னால், இங்கே நட்சத்திர பங்களா என்கிற வானாராய்ச்சிக் கூடத்தை நடத்திய துரை, அந்த மலை உச்சியிலும் ஒரு குடில் போட்டு, காந்த ஊசி எவ்வளவு அசைகிறது, காற்று எவ்வளவு கனக்கிறது என்று பார்த்துப் பார்த்து எழுத ஆள் வைத்திருந்தார். தாத்தா அந்த வேலைக்குப் போனவர். 1857-ம் வருஷத்து ஆடி மழையில் மேலே இருந்தவர் திரும்பி வரவில்லை. அப்பாவுக்கு அப்போது ஒரு வயது. தாத்தா இறந்த நாள் யாருக்கும் தெரியாது. திதி தெரியாததால் அப்பா இத்தனை காலமும் அமாவாசையில்தான் திவசம் செய்துவருகிறார்.

போன மாசியில் அப்பா ஜுரத்தில் படுத்து எழுந்தார். எழுந்த நாளிலிருந்து ஒரே பேச்சு. "ஒரு தடவையாவது எங்கப்பாவுக்கு அவர் போன நாள்லே செஞ்சுட்டுப் போகணும், சூடா. நீ கணக்குக்காரியாச்சே, கண்டுபிடிக்கப்படாதோ?" என்கிறார்.

எங்கள் வீட்டில் வழிவழியாகச் சொல்வதையும் எழுதிவிடுகிறேன். மழை வலுத்ததும் சுமைகாரர்கள் தாத்தாவைக் காய்ச்சலோடு விட்டுவிட்டு இறங்கி ஓடிவிட்டார்கள். அவர்களில் ஒருவன் அவர் காதுக் கடுக்கனையும் கழற்றிக்கொண்டு போய்ப் பிறகு பிடிபட்டான். உங்கள் தாத்தாவுக்கு இதில் சம்பந்தம் இருக்காது என்று நம்புகிறேன். ஆனால் அவர் வாயால் கேட்ட நாள், கிழமை ஏதாவது உங்கள் வீட்டில் நினைவிருந்தால் ஒரு கார்டு எழுதினால் போதும். பெரிய உபகாரமாக இருக்கும்.

இப்படிக்கு,
ப. சூடாமணி


போனக்காடு
2-9-1933

ஸ்ரீமதி சூடாமணி அம்மாள் அவர்களுக்கு,

அஞ்சல்காரர் வந்தபோது பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தார்கள். அங்கேயே நின்று உங்கள் கடிதத்தைப் படித்தேன். அதன்பிறகு அன்றைக்குப் பாடம் நடத்த எனக்கு மனம் வரவில்லை.

கடுக்கன் கேஸில் பிடிபட்டவர் எங்கள் பாட்டாதான். அப்பாவைப் பெற்றவர். அப்போது அவருக்குத் திரவியம் என்று பேர். கிறிஸ்து வேதத்துக்கு வந்த பிறகு நேசையன். ஏழு மாதம் ஜெயிலில் இருந்தார். கையில் விலங்கு போட்டதால் வந்த தழும்பைக் கடைசிவரை சட்டைக்கையால் மூடிக்கொண்டே இருந்தார் என்று அம்மா சொல்வாள். எங்களில் யாரும் இதை வெளியே பேசுவதில்லை. உங்கள் சேஷனிடம் நான் மலை உச்சியைப் பற்றி மட்டும்தான் சொன்னேன். அதுவும் சொல்லியிருக்கக்கூடாது.

பாட்டா ஓடவில்லை. திருடவும் இல்லை. இதற்கு மேல் நான் எழுத என்ன இருக்கிறது?

கடிதத்தை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அம்மா எலிசாள், பாட்டாவின் மருமகள். அவரைக் கடைசி மூன்று வருஷம் வைத்துப் பார்த்தவள். கேட்டுவிட்டு, "எழுவது வருசம் கழிஞ்சும் விடமாட்டாவளா? கள்ளன்னு சொல்லதுக்கு மறுபடியும் மலையேறி வரணுமா?" என்றாள். அன்று முழுக்க அவள் அடுப்புப் பக்கம் போகவில்லை. நானே பொங்கினேன்.

நாள், கிழமை எதுவும் உங்களுக்குச் சொல்வதற்கில்லை. உங்கள் தகப்பனார் சுகமாக இருக்கவேண்டும் என்று ஜெபிக்கிறேன். அது வேறு, இது வேறு.

சத்தியதாஸ் ஞானபாய்


கரமனை
1109 ஐப்பசி 14 (30-10-1933)

ஞானபாய் அம்மாவுக்கு,

இதைத் திருப்பி அனுப்பிவிடாதீர்கள். முதலில் மன்னிப்புக் கேட்கிறேன். கடுக்கனைப் பற்றி நான் எழுதியது தப்பு. தெரியாமல் எழுதினேன் என்பது ஒரு சமாதானம் ஆகாது. தெரியாததை எழுதாமல் இருந்திருக்கலாம்.

உங்கள் கடிதத்தில் "பாட்டா ஓடவில்லை" என்று இரண்டே வார்த்தை எழுதியிருந்தீர்கள். அது என்னைத் தூங்கவிடவில்லை. கல்லூரியில் எனக்குப் பாடம் சொன்ன ஒரு புரொபஸரைப் பிடித்து, நட்சத்திர பங்களாவின் பழைய பதிவேடுகளைப் பார்க்க அனுமதி வாங்கினேன். ஆறு சனிக்கிழமை போனேன். செல்லரித்துப் போன கட்டுகள். தும்மி மாளவில்லை. ஆறாவது சனிக்கிழமை, 1857-ம் வருஷத்து மலை உச்சிப் பதிவேடு கிடைத்தது.

நான் கண்டதைக் கண்டபடி எழுதுகிறேன். ஒரு நாளைக்கு ஒரு பக்கம். பக்கங்களுக்கெல்லாம் முன்கூட்டியே தேதி போட்டு வைப்பது தாத்தாவின் வழக்கம் போலிருக்கிறது. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் "நா" என்று சின்னதாகக் கையெழுத்து. ஜூலை 25 வரை எண்கள் முத்து முத்தாக இருக்கின்றன. 26-ந் தேதியிலிருந்து எழுதியது வேறு கை.

அது எழுதப் பழகியவர் கை இல்லை. எண்ணை எழுதவில்லை, பார்த்து வரைந்திருக்கிறார். பதினைந்து வருஷமாகச் சின்னப் பிள்ளைகளின் பலகையைப் பார்க்கிறவள் நான். எனக்குத் தெரியும். நாலை எல்லா இடத்திலும் கண்ணாடியில் பார்த்ததுபோல் திருப்பிப் போட்டிருக்கிறார். ஆனால் எண்கள் சரி. முன்னும் பின்னும் வைத்துச் சரிபார்த்தேன். ஒன்றுகூட மனதில் தோன்றியதை எழுதினது இல்லை. கருவியைப் பார்த்துத்தான் எழுதியிருக்கிறார். அடியில் தாத்தாவின் "நா" இருக்கிறது. அதாவது படுத்தபடியே அவர் பார்த்து ஒப்புக்கொண்டிருக்கிறார். நாளுக்கு நாள் அந்த "நா" நடுங்குகிறது. ஒரு நாள் வெறும் கோடாக நின்றுவிடுகிறது.

அதற்கு அடுத்த பக்கத்தில் தேதி மட்டும் இருக்கிறது. எண்ணும் இல்லை, "நா"வும் இல்லை. அந்த வருஷத்துப் பதிவேடு முழுவதிலும் வெறுமையாக இருக்கும் பக்கம் அது ஒன்றுதான். மறுநாளிலிருந்து ஏழு நாள் திரும்பவும் அந்தக் கோணல் எண்கள். அடியில் கையெழுத்து இல்லை. எட்டாம் நாள் புது ஆள் வந்து எழுதியிருக்கிறார்.

சுமைகாரர்கள் ஓடிவிட்டார்கள் என்றால் இந்த எண்களை யார் எழுதியது? அந்த ஏழு நாளும் மலை உச்சியில் தனியாக இருந்தது யார்? நீங்கள் சொல்லாமலே எனக்கு விளங்கிவிட்டது. ஆனாலும் உங்கள் வாயால் கேட்கவேண்டும்.

வெறும் பக்கத்தின் தேதியை நான் வேண்டுமென்றே இங்கே எழுதவில்லை. உங்கள் வீட்டில் கிழமை ஏதும் நினைவிருந்தால், என் தேதி அதோடு சேருகிறதா என்று பார்க்கவேண்டும். நான் முதலில் சொல்லிவிட்டால் அது சாட்சி ஆகாது.

அப்பாவிடம் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.

சூடாமணி


போனக்காடு
14-11-1933

அன்புள்ள சூடாமணி அம்மாளுக்கு,

கடிதம் வந்து பத்து நாளாகிறது. இங்கே ஐப்பசித் துலா மழை விட்டபாடில்லை. பள்ளிக்கூடத்துக்குள் அட்டை ஏறுகிறது. பிள்ளைகளுக்குப் பாடத்தைவிட உப்பும் சுண்ணாம்பும் தடவுகிற வேலைதான் அதிகம்.

திருப்பிப் போட்ட நாலைப் பற்றி வாசித்ததும் அம்மா, "ஏட்டி, நிறுத்து" என்றாள். பாட்டா கடைசிவரை நாலை அப்படித்தான் போடுவாராம். எங்கள் அப்பாவுக்கு எண் சொல்லிக்கொடுத்ததும் அவர்தான். அப்பாவும் அப்படியே போட்டுப் பள்ளிக்கூடத்தில் அடி வாங்கினாராம். அம்மா சிரித்தாள். பிறகு அழுதாள். பிறகு, "எழுது, எல்லாத்தையும் எழுது" என்றாள்.

அம்மா சொன்னபடி எழுதுகிறேன். மழை பிடித்த உடனே சமையல்காரர் இறங்கிவிட்டார். மற்றச் சுமைகாரர்கள் அரிசி கொண்டுவரக் கீழே போனார்கள். ஆறு பெருகி அவர்களால் திரும்ப முடியவில்லை. மேலே பாட்டாவும் அய்யரும் மட்டும். இரண்டு வருஷமாக விளக்குப் பிடித்துக்கொண்டு அய்யர் பக்கத்தில் நின்றதால் எண்கள் பாட்டாவுக்குக் கண்ணில் பதிந்திருந்தன. அய்யருக்குக் காய்ச்சல் வந்து எழுந்திருக்க முடியாமல் போனபோது, "ஒரு நாள் விட்டாலும் வருஷக் கணக்கு பாழாப் போயிடும்டா, திரவியம். நீ போய்ப் பாரு" என்றாராம்.

சமையல்காரர் இல்லாததால் அய்யர் இரண்டு நாள் பட்டினி கிடந்தார். மூன்றாம் நாள் பாட்டா கஞ்சி காய்ச்சிப் பக்கத்தில் வைத்துவிட்டு, வெளியே மழையில் போய் நின்றுகொண்டார். தான் பார்த்துக்கொண்டிருந்தால் குடிக்கக் கூச்சப்படுவார் என்று. திரும்பி வந்து பார்த்தபோது சட்டி காலியாக இருந்தது. அதன்பிறகு வெளியே போக வேண்டியிருக்கவில்லை. கடைசி நாட்களில் பாட்டாதான் வாயில் ஊற்றினார். இது உங்கள் தகப்பனாருக்கு வருத்தமாக இருக்கலாம். ஆனால் நடந்தது இது.

அய்யர் போன அன்று ஈர விறகு பற்றவில்லை. கருவிகள் வந்த மரப்பெட்டிகளை உடைத்து அடுக்கினார். சர்க்கார் பெட்டியாயிற்றே என்று பயம் வேறு. கொள்ளியும் அவர்தான் வைத்தார். வைப்பதற்கு முன் கடுக்கனைக் கழற்றி மடியில் முடிந்துகொண்டார், வீட்டாரிடம் கொடுக்கவேண்டும் என்று. ஆள் வந்து சேர்ந்ததும் மலையிறங்கிக் கரமனைக்கு நடந்தே வந்தார். அதன்பிறகு நடந்ததை அவர் மருமகளிடம்கூடச் சொல்லவில்லை.

கிழமை கேட்டீர்கள். பாட்டா ஞாயிற்றுக்கிழமை காலையில் பச்சைத்தண்ணீர் குடிக்காமல்தான் கோயிலுக்குப் போவார். உபவாச ஜெபம் என்று எல்லாரும் மெச்சினார்கள். ஒரு நாள் அம்மாவிடம் சொல்லியிருக்கிறார்: "ஜெபத்துக்கு இல்ல தாயி. அந்த அய்யரு போனது ஒரு ஞாயித்துக்கிழம."

ஞானபாய்


கரமனை
1109 தை 2 (15-1-1934)

அன்புள்ள ஞானபாய்க்கு,

வெறும் பக்கத்தின் தேதி 1857 ஆகஸ்டு 2. பழைய பஞ்சாங்கக் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை. ஆடி மாதம், வளர்பிறைத் துவாதசி.

 உங்கள் பாட்டா வேலையை நிறுத்திய ஒரே ஒரு நாள் அது. அன்றைக்கு அவருக்கு வேறு வேலை இருந்திருக்கிறது.

அப்பாவிடம் சொன்னேன். திதி கிடைத்தது என்றதும் முகம் மலர்ந்தது. கஞ்சியைப் பற்றிச் சொன்னதும் மாறிவிட்டது. "எங்கப்பா குடிச்சதை எவன் பார்த்தான்? கதை பேசறா" என்று எழுந்து போய்விட்டார். ஐந்து நாள் என்னோடு பேசவில்லை. சாதம் போட்டால் சாப்பிடுவார், அவ்வளவுதான்.

இதற்கிடையில் இன்னொரு காரியமும் செய்திருந்தேன். அப்பாவின் பழைய சிநேகிதர் குற்றாலலிங்கம் பிள்ளை சர்க்கார் ரிக்கார்டு அறையில் இருந்து பென்ஷன் வாங்கியவர். அவரிடம் கெஞ்சி, கடுக்கன் வழக்கின் கட்டைத் தேடச் சொன்னேன். மனிதர் ஒரு மாதம் தேடி எடுத்துக்கொடுத்தார். பிராது கொடுத்தவர் தாத்தாவின் தம்பி. தகப்பன் இல்லாத அப்பாவைத் தோளில் போட்டு வளர்த்த சிற்றப்பா அவர். அப்பாவுக்கு அவர் தெய்வம் மாதிரி.

பிராதில் அவர் எழுதியிருப்பதை மலையாளத்திலிருந்து அப்படியே தருகிறேன்: "மேற்படி திரவியம் என்பவன் கரமனைத் தெருமுனையில் பட்டப்பகலில் ஆபரணத்தைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு உரக்கக் கூவி நின்ற சமயம் பிடிக்கப்பட்டான்."

அதை அப்பாவுக்கு வாசித்தேன். வேறு ஒன்றும் நான் சொல்லவில்லை. 

"கூவிண்டு நின்னானா?"

"ஆமாம் அப்பா."

"திருடினவன் எதுக்குக் கூவறான்? உள்ளே வந்து குடுக்கப்படாதோ?"

"உள்ளே வர விட்டிருப்போமா, அப்பா?"

 அவர் கை தானாகக் காதுக்குப் போயிற்று. அவர் காதில் இருப்பது அந்தக் கடுக்கன்தான். பூணூல் போட்ட நாளிலிருந்து போட்டிருக்கிறார். "இதைக் கழட்டிடணுமோ?" என்று சின்னப் பிள்ளை மாதிரி என்னைக் கேட்டார். "வேண்டாம் அப்பா. நீங்க போட்டுக்கணும்னுதானே அவ்வளவு தூரம் கொண்டு வந்தார்" என்றேன்.

கொஞ்சம் பொறுத்து, "எத்தனை நேரம் நின்னாரோ" என்றார். 'நின்னானா' என்று கேட்ட அதே வாய்.

சூடாமணி


போனக்காடு
9-2-1934

அன்புள்ள அக்கா,

இப்படி எழுதலாம் அல்லவா? எனக்கு இருபத்தொன்பது. உங்களுக்கு என்னைவிடக் கூடத்தான் இருக்கும்.

நீங்கள் இவ்வளவு பாடுபட்டதற்கு நானும் ஏதாவது செய்யவேண்டும் என்று தோன்றியது. கிறிஸ்மஸ் லீவில் எங்கள் ஊர்க் கோயிலுக்குப் போய் ஞானஸ்நான ரிஜிஸ்டரைப் பார்த்தேன். 1861-ம் வருஷம், "நேசையன், முன் பெயர் திரவியம், வயது இருபத்தாறு." பக்கத்தில் "வாசிக்கத் தெரியாது, எண்கள் எழுதுவான்" என்று பாதிரியார் குறித்திருக்கிறார். திரவியமும் நேசையனும் ஒருவரே என்பதற்கு இனி யார் வாய்ச்சொல்லும் வேண்டாம்.

தெருமுனையில் கூவி நின்றார் என்பதை அம்மாவுக்கு வாசித்தபோது அவள் எழுந்து வாசலுக்குப் போய்விட்டாள். திரும்பி வந்து, உங்கள் தகப்பனாரிடம் ஒன்று கேட்கச் சொன்னாள். நான் கேட்கமாட்டேன் என்றேன். கேட்டே ஆகவேண்டும் என்று பிடிவாதம். அவள் சொன்னது இது: "வாயால சொன்னா காத்தோட போவும். எங்க மாமா கள்ளன் இல்லன்னு அவுங்க கைப்பட ஒரு காயிதம் எழுதித் தரச் சொல்லு. கள்ளன்னு எழுதுன காயிதம் சர்க்காருல இருக்குல்லா? அதுக்கு எதிரா ஒண்ணு இருக்கணும்."

அப்படி எழுதினால் வளர்த்த சிற்றப்பாவைக் குற்றம் சொன்னதாகும் என்பது எனக்குப் புரிகிறது. மனமில்லை என்றால் விட்டுவிடுங்கள். அம்மாவை நான் சமாதானப்படுத்திக்கொள்கிறேன்.

ஞானபாய்


கரமனை
1109 பங்குனி 7 (20-3-1934)

அன்புள்ள ஞானத்துக்கு,

இதோடு இருக்கும் காகிதத்தை அம்மாவிடம் கொடு. நீயே படித்துக் காட்டு.

இதை எழுத அப்பாவுக்கு ஒரு மாதம் ஆயிற்று. மூன்று தடவை எழுதிக் கிழித்தார். ஒன்றில் சிற்றப்பாவின் பேரே வரவில்லை. யாரோ பிராது கொடுத்தது போல இருந்தது. மறுநாள் காலையில் அவரே அதைக் கிழித்தார். "அவர் என்னை வளர்த்தது நிஜம். இதைப் பண்ணினதும் நிஜம். ரெண்டையும் நான்தான் சுமக்கணும், வேற யாரு இருக்கா?" என்றார். கடைசியில் எழுதினது நாலே வரி:

"என் தகப்பனார் நாகேஸ்வரய்யரின் கடுக்கனைத் திரவியம் என்பவர் திருடவில்லை. அகஸ்தியர் மலையிலிருந்து சுமந்து வந்து எங்கள் தெருமுனையில் நின்று கூப்பிட்டுக் கொடுத்தார். என் சிற்றப்பா அவர்மேல் அநியாயமாகப் பிராது கொடுத்தார். இதை நான் அறிந்து, என் குடும்பத்துக்காக எழுதிக் கொடுக்கிறேன். கரமனை பட்டாபிராமய்யர்."

குற்றாலலிங்கம் பிள்ளை சாட்சிக் கையெழுத்துப் போட்டார். இன்னொரு நகலை அந்த வழக்குக் கட்டில் சேர்க்க மனுப் போடலாம் என்று அவரே யோசனை சொன்னார். போட்டிருக்கிறோம்.

வருகிற ஆடியில் துவாதசியன்று அப்பா முதல் தடவையாகத் திதி செய்யப் போகிறார். உறவாக இல்லாவிட்டாலும் நமக்கு நல்லது செய்து போனவர்களுக்கும் எள்ளும் தண்ணீரும் விட எங்களில் ஒரு வழி உண்டு. அன்று திரவியத்தின் பேரையும் சொல்லி விடலாமா என்று அப்பா கேட்கிறார். நீங்கள் வேறு வேதம். உங்கள் மனதுக்கு ஒவ்வாது என்றால் அப்பா செய்யமாட்டார். "கேக்காம ஒண்ணும் பண்ணப்படாது, சூடா. ஒரு தடவை கேக்காமப் பண்ணினது போறும்" என்கிறார்.

அக்கா


போனக்காடு
3-5-1934

அன்புள்ள அக்கா,

காகிதத்தை வாசித்ததும் அம்மா அதை வாங்கி, எழுத்துத் தெரியாவிட்டாலும், மேலிருந்து கீழே ஒரு தடவை பார்த்தாள். "இதுல எங்க மாமா பேரு எங்க இருக்கு?" என்றாள். தொட்டுக் காட்டினேன். அந்த இடத்தில் விரலை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தாள். பிறகு அடுப்படிக்குப் போய், பலகாரம் சுடப்போகிறேன், பிள்ளைகளைக் கூப்பிடு என்றாள். தொழிலாளர் லயத்துப் பிள்ளைகள் எல்லாரும் வந்து தின்றார்கள். எதற்கு என்று யாருக்கும் தெரியாது.

நீங்கள் கேட்டதற்குப் பதில் எழுத இத்தனை நாளாயிற்று. பாதிரியாரிடம் கேட்கலாமா என்று இருந்தேன். கேட்டால் வேண்டாம் என்பார். அதனால் கேட்கவில்லை. அம்மாவைக் கேட்டேன். "அய்யருக்கு நம்ம மாமா ஊத்துன கஞ்சிக்கு எந்தப் பாதிரியைக் கேட்டாவ? தாறதைத் தரட்டும்" என்றாள்.

அப்படியே செய்யுங்கள்.

ஞானம்


கரமனை
1109 ஆடி 8 (24-7-1934)

அன்புள்ள ஞானத்துக்கு,

நேற்றுத் துவாதசி. எல்லாம் நல்லபடியாக முடிந்தது. நடந்ததை உடனே எழுதாவிட்டால் எனக்குச் சாப்பாடு இறங்காது.

காலையில் அப்பா ஆற்றில் குளித்துவிட்டு வந்தார். வேண்டாம், வெள்ளம் அதிகம் என்றால் கேட்கவில்லை. தாத்தாவுக்குச் செய்யவேண்டியதையெல்லாம் மளமளவென்று செய்தார். எழுபத்தெட்டு வயதில் அவருடைய குரல் அவ்வளவு கணீரென்று நான் கேட்டதில்லை. கடைசியில் சாஸ்திரிகள் எழுந்திருக்கப் போனபோது, "இருக்கணும். இன்னும் ஒருத்தர் இருக்கார்" என்றார்.

சாஸ்திரிகளுக்கு விஷயம் முன்பே தெரியும். முகத்தைச் சுளித்துக்கொண்டுதான் உட்கார்ந்தார். "பேர் திரவியம். சரி. என்ன முறைன்னு சொல்றது? சிநேகிதர்னு சொல்லிடலாமா?"

அப்படித்தான் நானும் நினைத்திருந்தேன். அப்பா கையில் எள்ளை வைத்துக்கொண்டு யோசித்தார்.

"ஓய், தகப்பனுக்குக் கொள்ளி வைக்கறது யாரு?"

"மூத்த பிள்ளை."

"எங்கப்பாவுக்கு வச்சது இவர். அப்போ எனக்கு என்ன ஆகணும்?"

சாஸ்திரிகள் என்னைப் பார்த்தார். நான் எங்கே பார்ப்பது?

"அண்ணா. அண்ணான்னு சொல்லும்" என்றார் அப்பா.

"அப்படின்னா கோத்திரம்?"

"அண்ணாவுக்கும் தம்பிக்கும் வேறே வேறே கோத்திரம் உண்டோ? என்னத்தைப் படிச்சீர்?"

 சாஸ்திரிகள் மந்திரத்தைச் சொன்னார். எங்கள் கோத்திரத்தைச் சொல்லி, திரவியம் என்று பேரைச் சொல்லி, மூத்த சகோதரர் என்று முறையைச் சொல்லி, அப்பா மூன்று தடவை தண்ணீர் விட்டார். விட்டு முடித்து, கையைத் துடைத்துக்கொண்டே, "கூடப் பொறந்தவா யாருமில்லேன்னு இத்தனை நாள் நினைச்சுண்டிருந்தேன்" என்றார். அதை அவர் துக்கமாகச் சொல்லவில்லை. வெகுநாள் தேடிய பொருள் கிடைத்தவர் மாதிரி சொன்னார்.

தெருவில் இன்று இரண்டு வீட்டில் பேச்சு நடக்கிறதாம். அப்பா காதில் விழாதது போல நடக்கிறார். சாப்பாட்டின்போது ரசம் இரண்டாம் தடவை கேட்டு வாங்கிக்கொண்டார்.

சூடாமணி


போனக்காடு
6-8-1934

அத்தைக்கு,

அக்கா என்று எழுதி அடித்துவிட்டேன். நீங்களும் கணக்குப் போட்டுப் பார்த்திருப்பீர்கள். பாட்டா உங்கள் அப்பாவுக்கு அண்ணன் என்றால், என் அப்பா உங்களுக்கு அண்ணன். நீங்கள் எனக்கு அத்தை.

உங்கள் கடிதத்தை அம்மாவுக்கு இரண்டு தடவை வாசித்தேன்.   மறுநாள் காலையில் கறிக்கு அரைத்துக்கொண்டிருந்தவள் குழவியை நிறுத்திவிட்டு, "ஏட்டி, அன்னபாய் கல்யாணத்துக்குப் பெரிய ஆள் வந்தாச்சுல்லா" என்றாள்.

அன்னபாய் என் தங்கை. செப்டம்பர் பன்னிரண்டாம் தேதி வித்துராக் கோயிலில் அவளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை நெய்யாற்றின்கரையில் தையற்கடை வைத்திருக்கிறார். அப்பா போன பிறகு எங்கள் பக்கத்தில் முன்னால் உட்காருவதற்கு ஒரு ஆண்பிள்ளை இல்லையே என்று அம்மா இரண்டு மாதமாகப் புலம்பிக்கொண்டிருந்தாள். இப்போது, "மாமாவுக்குத் தம்பி இருக்கையில நமக்கென்ன கொறை? அவ்வொ வராம நான் தாலி கெட்ட விடமாட்டேன்" என்கிறாள். நீங்கள் அவரைக் கூட்டிக்கொண்டு வரவேண்டும். காலையில் புறப்படும் பஸ்ஸில் முன் சீட்டில் உட்கார்த்துங்கள். நெடுமங்காடு தாண்டினால் வளைவு அதிகம். சமையலுக்கு உங்களவர் ஒருவரைக் கூட்டி வந்தாலும் சரி, புதுப்பாத்திரம் வாங்கி வைக்கிறோம். எப்படி வசதியோ எழுதுங்கள்.

அவரை என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று அம்மாவைக் கேட்டேன். "நீ சின்னப் பாட்டான்னு கூப்பிடு. எனக்குச் சின்ன மாமனாரு" என்றாள். அதைச் சொல்லும்போதே நழுவியிருந்த முந்தானையை இழுத்துத் தோளை மூடிக்கொண்டாள், நாற்பது மைலுக்கு அப்பால் இருக்கிறவருக்காக.

ஞானம்